ஆடிக் காற்றில் ஒன்பது குழிகள்

போன வாரம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ வந்தது. கோல்ஃப் ஸ்டிக்கைக் கையால் தொட்டுக்கூடப் பார்த்திராத ஒரு சம்பந்தி அனுப்பியிருந்தார். வெள்ளைத் தொப்பி போட்ட யாரோ ஒருவர், இடுப்பை முதலில் திருப்ப வேண்டும், தோளைப் பிறகு திருப்ப வேண்டும் என்று ஐந்து நிமிடம் பேசுகிறார். அதற்குக் கீழே இன்னொரு சொந்தம், ‘இது தப்புங்க, தோள்தான் முதல்ல’ என்று வேறொரு வீடியோவைப் போட்டிருந்தது. அவரும் ஆடுகிறவர் இல்லை. அந்தக் குழுவில் நாற்பது பேர் இருக்கிறோம், கோல்ஃப் ஆடத் தெரிந்த ஒரே ஆள் என் அண்ணன். அவன் இரண்டு வீடியோவுக்கும் கைகூப்பும் படம் ஒன்றைப் போட்டுவிட்டுப் போய்விட்டான்.

எனக்கு வந்ததே எரிச்சல்! இதை எழுத உட்கார்ந்தது அந்த எரிச்சலில்தான். என்னோடு படித்தவர்களே, உங்களில் பாதிப் பேர் இப்போது பேரன் பேத்திகளை டென்னிஸ், நீச்சல் என்று கூட்டிக்கொண்டு அலைகிறீர்கள். கம்பி வலைக்கு வெளியே நின்றுகொண்டு ‘காலை மடக்கு, கையை நீட்டு’ என்று சத்தம் போடுகிறீர்கள். என் தெருவில் தினமும் பார்க்கிறேன். அதனால் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். கேட்டுவிட்டு மறுபடியும் கத்தினாலும் சரி.

அப்போது எனக்குப் பதினொரு வயது, அண்ணனுக்குப் பதினாறு. துடியலூரில் எங்கள் வீடு. அப்பா பம்பு வார்ப்புப் பட்டறை வைத்திருந்தார். காலையில் ஏழு மணிக்குப் போனால் இருட்டினால்தான் வருவார். சட்டையில் கரிமணல் வாசம் அடிக்கும். வீட்டுக்குப் பின்னால் முப்பது நாற்பது தென்னைமரம். அந்தத் தோப்பில்தான் அண்ணன் கோல்ஃப் கற்றுக்கொண்டான், யாரும் சொல்லித்தராமல்.

எப்படியென்றால், அடுத்த வீட்டில் ஒரு கண் டாக்டர் இருந்தார். ஊருக்கு வெளியே புதிதாகத் தொடங்கியிருந்த கோல்ஃப் கிளப்பில் மெம்பர். பிடி கிழிந்துபோன ஐந்தாம் நம்பர் ஸ்டிக் ஒன்றை அவர் பழைய சாமான்காரனுக்குப் போட வைத்திருந்ததை அண்ணன் கேட்டு வாங்கிக்கொண்டான். பிடியில் சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றினான். பந்து ஏது? மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் குரும்பைகளை வைத்து அடித்தான். தோப்புக்கு அந்தப் பக்கம் டாக்டர் வீட்டு மோட்டார் அறை, நாட்டு ஓடு வேய்ந்தது. குரும்பை உயரமாகப் போனால் ஓடு உடையும், வசவு விழும். அதனால் அவன் தரையோடு தரையாக, மரங்களுக்கு நடுவே ஓட்டிவிடக் கற்றுக்கொண்டான். கை இடுப்புக்கு மேலே போகாது. முட்டியை மடக்கி, முதுகைக் கூனி, மாட்டுத் தொட்டிக்கு வாளித் தண்ணீரை வீசி ஊற்றுகிற மாதிரி ஒரு வீச்சு. பார்க்கச் சகிக்காது. ஆனால் எந்த மரத்தைச் சொல்கிறோமோ அந்த மரத்தில் போய் ‘டக்’ என்று விழும். மூன்றாவது வரிசை நாலாவது மரம் என்று நான் சொல்வேன், அடிப்பான். நாள் முழுக்க இதே சோலி. பச்சைக் குரும்பை நசுங்கினால் ஒரு துவர்ப்பு வாசம் வரும், இப்போதும் எங்காவது தென்னைமரத்தடியில் நின்றால் அது எனக்கு வருகிறது.

டாக்டர் ஒருநாள் மொட்டைமாடியிலிருந்து இதைப் பார்த்துவிட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணனைக் கிளப்புக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஒரு வருடம் போல அண்ணன் ஞாயிறுதோறும் போய் ஆடினான். நன்றாக ஆடுகிறான் என்று அப்பா காதுக்குச் செய்தி வந்துகொண்டிருந்தது. ஆனால் அவன் அடித்து அப்பா ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. ‘பட்டறை சோலி’ என்பார்.

சித்திரை கடைசியில் ஒரு தகவல் வந்தது. பெங்களூரிலிருந்து ஒருவர் வருகிறாராம். ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நம் ஊர்ப் பையன்கள் ஆறு பேரை ஒன்பது குழி ஆடவைத்து, குறைவான அடியில் முடிக்கிற இரண்டு பேரைக் கூட்டிப் போவாராம். அங்கேயே தங்கல், படிப்பு, தினமும் பயிற்சி. அப்பா இரண்டு நாள் யோசித்தார். சாப்பாட்டு மேசையில் சொன்னார்.

“தேறினா போ. நான் தடுக்க மாட்டேன். இல்லீனா பிளஸ் டூ முடிச்சுட்டுப் பட்டறைக்கு வந்துரோணும். அப்பறம் இந்தக் கம்பத் தொடப்படாது. சரியா?”

“சரிங்ப்பா” என்றான் அண்ணன்.

அன்று தோப்பில் என்னிடம் மட்டும் சொன்னான். “இது போச்சுன்னா நான் அந்த உலைக்கு முன்னாலதான் அம்மணி, ஆயுசுக்கும். எனக்கு அந்தச் சூட்டுல நின்னாலே வாந்தி வருது. அப்பாகிட்டச் சொல்லிப்போடாதே.” நான் சொல்லவில்லை.

நம் ஆட்களைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சண்டை போடுவதென்றாலும் ‘ங்க’ போட்டுத்தான் போடுவோம். ‘நீங்க சொல்றதும் சரிதானுங்க’ என்று ஆரம்பித்து எதிராளியை முழுசாக மறுத்து முடிப்போம். எங்கள் வீட்டில் பெரியவர்கள் ஒன்று சொன்னால் பிள்ளைகள் ‘இல்லீங்க’ என்று சொன்னதே கிடையாது. சொன்னால் அடிக்க மாட்டார்கள். அந்தப் பெரியவரின் முகம் சின்னதாகிப் போகும், அம்மா அதைப் பார்த்துவிட்டு நம்மைப் பார்ப்பாள். அடியே தேவலாம். அதனால் எல்லாவற்றுக்கும் ‘சரிங்க’தான். அண்ணனுக்கு இந்தச் சொல் நாக்கில் ஒட்டிக்கொண்டே பிறந்தது.

பெங்களூர்ச் செய்தி பரவிய வாரத்திலேயே மூன்று பேர் அவனைத் தயார் செய்யக் கிளம்பிவிட்டார்கள்.

முதலில் டாக்டர். கண்டுபிடித்தவரே தான்தான் என்ற உரிமை அவருக்கு. தலை அசையக் கூடாது என்பது அவருடைய சித்தாந்தம். “பந்து போனதுக்கு அப்பறமும் அது இருந்த எடத்தையே பாரு கண்ணு. கண்ணுதான் எல்லாம்.” கண் டாக்டர் வேறு என்ன சொல்வார்! என்னை ஒரு முக்காலி மேல் ஏற்றி, ஒட்டடைக் கம்பின் அடிமுனையை அண்ணன் நெற்றியில் வைத்து அழுத்திப் பிடிக்கச் சொல்வார். அவன் வீச வேண்டும், தலை கம்பை விட்டு நகரக் கூடாது. தலை நகராமல் அடித்தால் உடம்பு பாதியில் நின்றுவிடும். பந்து வலப்பக்கமாகத் தத்திக்கொண்டு ஓடும்.

இரண்டாவது பெரியப்பா. மில்லில் பெரிய உத்தியோகம், கிளப்பில் மெம்பர். வெள்ளைக்காரன் காலத்துப் புத்தகம் ஒன்றைக் காக்கி அட்டை போட்டு வைத்திருந்தார். பக்கத்துக்குப் பக்கம் மீசை வைத்த ஒரு துரை, ஸ்டிக்கைத் தோளுக்கு மேலே சுழற்றிக்கொண்டு நிற்பான். அந்தப் புத்தகத்தில் பாச்சை உருண்டை வாசம் அடிக்கும். பெரியப்பாவின் கட்சி: இடது முழங்கை மடங்கவே கூடாது, ஸ்டிக் தலைக்குப் பின்னால் முழுசாகப் போய் வர வேண்டும். முழங்கை மடங்காமலிருக்க அண்ணனின் கையில் மர ஸ்கேலை வைத்துத் துணியால் கட்டினார். கட்டை அவிழ்த்தால் சிவப்பாகக் கோடு விழுந்திருக்கும். அந்த அடியில் பந்து வானத்துக்குப் போகும். போகும்போது பார்க்க அழகு, எங்கே இறங்கும் என்று யாருக்கும் தெரியாது.

மூன்றாவது மாமா, அம்மாவின் தம்பி. பெருந்துறைப் பக்கம் கோழிப்பண்ணை. கோல்ஃப் ஆட ஆரம்பித்து ஆறே மாதம்தான். ஆனால் கிளப்பிலேயே தூரமாக அடிக்கிறவர் அவர்தான் என்று அவரே சொல்வார். “எதுக்குடா மாப்ள இந்தக் கையி, தலை, காலு? ஓங்கிப் போடு ஒண்ணு. பந்து பயந்து ஓடோணும்.” லாரி டயர் ஒன்றைக் கொண்டுவந்து தோப்பில் போட்டு, இரும்புக் கம்பியால் தினமும் காலையில் நூறு அடி அடிக்கச் சொன்னார். அண்ணன் உள்ளங்கை கொப்புளித்து உடைந்தது. அம்மா மஞ்சளை அரைத்துப் பூசுவாள்.

ஒரு ஞாயிறு மதியம் மூன்று பேரும் எங்கள் ஹாலில் ஒன்றாக மாட்டிக்கொண்டார்கள். காப்பி கொடுத்தாகிவிட்டது.

“நீங்க சொல்றதும் சரிதானுங்க டாக்டர்,” என்றார் பெரியப்பா, “ஆனா தலைய அழுத்திப் புடிச்சா தோள் எப்படிங்க திரும்பும்? புக்குல தெளிவாப் போட்டிருக்கானுங்க.”

“புக்கு எழுதுனவன் கண்ணக் கட்டிட்டா அடிச்சான்? பந்தப் பாத்துத்தானுங்க அடிச்சிருப்பான்.”

“ஏனுங்க ரெண்டு பேரும்,” என்று மாமா எழுந்தார், “மன்னிச்சுக்கோங்க. நான் சின்னவன். ஒருக்கா காட்டிப்போடறேன், பாத்துட்டுச் சொல்லுங்க.” பெரியப்பாவின் குடையை எடுத்துத் திருப்பிப் பிடித்து ஓங்கி ஒரு வீச்சு வீசினார். குடைப்பிடி போய் ஷோகேஸ் கண்ணாடியில் இறங்கியது. உள்ளேயிருந்த தஞ்சாவூர்ப் பொம்மை தலை வேறு முண்டம் வேறாகக் கீழே உருண்டது. பொம்மையின் தலை மட்டும் சோபாவுக்கு அடியில் ஆடிக்கொண்டே போனது.

“அட கெரகமே!” என்றாள் அம்மா. அப்புறம் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு வந்தவள் கண்ணாடித் தூளைக் கூட்டிக்கொண்டே கேட்டாள். “அவனுக்கு எப்படி வருதுன்னு அவனக் கேட்டீங்களா?”

மூன்று பேரும் சோபாவின் ஓரத்தில் இருந்த அண்ணனைப் பார்த்தார்கள். அண்ணன் பெரியப்பாவைப் பார்த்தான், டாக்டரைப் பார்த்தான், மாமாவைப் பார்த்தான்.

“மூணுமே நல்லாத்தானுங்க இருக்குது” என்றான்.

அம்மா கண்ணாடித் தூளை அள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

சம்பளத்துக்கு விளையாட்டுச் சொல்லித் தருகிற ஒருவர் கிளப்பில் இருந்தார். கோட்டைமேட்டுக்காரர். எல்லோரும் பாய் என்றே கூப்பிடுவோம். ஒல்லியாக, எப்போதும் வெள்ளை முழுக்கைச் சட்டையில் இருப்பார். அவர் ஒரே ஒரு தடவை அப்பாவிடம் வாயைத் திறந்தார். அப்பா கிளப்புக்குப் பணம் கட்ட வந்த நாள் அது. “தம்பிக்குத் தானாவே நல்லா வருதுங்க. இந்தக் காத்துக்கு அந்தத் தணிஞ்ச அடிதான் நிக்கும். ஒண்ணும் மாத்த வேண்டாமுங்க, விட்டுருங்க.” பக்கத்திலிருந்த பெரியப்பா சிரித்துக்கொண்டே, “நீங்க சொல்றதும் சரிதானுங்க பாய்,” என்று ஆரம்பித்துவிட்டார். பாய் மெம்பர்களுக்குக் கீழே வேலை பார்க்கிறவர். கேட்டுக்கொண்டார், தலையாட்டினார். அதற்கப்புறம் அவர் எதையும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம் என்று எனக்கு இன்றைக்கும் அவர் மேல் கொஞ்சம் கோபம் உண்டு. அவருடைய இடத்தில் இருந்தால் நான் சொல்லியிருப்பேனா என்று கேட்டால், மாட்டேன்.

ஆடி பிறந்தது. பாலக்காட்டுப் பக்கமிருந்து வருகிற காற்றைத்தான் உங்களுக்கெல்லாம் தெரியுமே. கொடியில் போட்ட வேட்டி அடுத்த தெருவில் கிடக்கும். அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கே காற்று இரைய ஆரம்பித்துவிட்டது. அப்பாவின் வேனில் நாங்கள் எல்லோரும் போனோம். அப்போதெல்லாம் அந்த மைதானத்தில் பச்சை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. காய்ந்த கொழுக்கட்டைப் புல், கருவேல வேலி, நடுவில் ஒரு பள்ளம். குழி இருக்கிற இடத்தில் புல்லுக்குப் பதிலாக மணல், அது பறக்காமல் இருக்கப் பழைய எஞ்சின் எண்ணெயை ஊற்றி இழுத்து விட்டிருப்பார்கள். நடந்தால் செருப்பில் ஒட்டும். காற்றோடு அந்த எண்ணெய் வாசமும் வந்துகொண்டிருந்தது.

அப்பா கிளப் கொட்டகையில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். “நான் வந்து நின்னா உனக்குப் பதட்டமாயிரும் கண்ணு. நீ போய் ஆடு. பெரியவங்க சொல்லிக்குடுத்ததை மனசுல வெச்சுக்கோ.” அண்ணன் ஒரு நொடி நின்றான். “சரிங்ப்பா” என்றான்.

ஆறு பையன்கள், மூன்று மூன்று பேராக இரண்டு கூட்டம். பெங்களூர்க்காரர் முதல் கூட்டத்தோடு போனார். அண்ணன் இரண்டாவது கூட்டம், அதற்கு அடி எண்ணிக் கார்டில் எழுதுகிறவர் பாய். குளுக்கோஸ் தண்ணீர் நிறைத்த பிளாஸ்க்கை அம்மா என் தோளில் மாட்டிவிட்டு, “அண்ணங்கூடவே போ” என்று தாட்டி விட்டாள்.

நம் மூன்று பெரியவர்களும் ஆளுக்கு ஒரு குழி என்று பிரித்துக்கொண்டார்களாம். முதல் குழிக்கு மாமா. குடையை ஊன்றிக்கொண்டு நின்று “மாப்ள, போடு!” என்றார். அண்ணன் ஓங்கிப் போட்டான். பந்து வேலியில் போய் விழுந்தது. ஏழு அடி. இரண்டாவதில் பெரியப்பா நின்றார். அண்ணன் முழங்கையை விறைப்பாக நீட்டி, ஸ்டிக்கைத் தலைக்குப் பின்னால் சுழற்றி அடித்தான். பந்து மேலே போனது, காற்று அதை வாங்கிக் கிழக்கே கொண்டுபோய்ப் போட்டது. “ஃபார்ம் அருமைங்க!” என்றார் பெரியப்பா. ஆறு அடி. மூன்றாவதில் டாக்டர். அண்ணன் பந்து போனபிறகும் தலையைத் தூக்கவேயில்லை, எங்கே போனதென்று நான்தான் காட்டினேன். அதுவும் ஆறு. நாலாவது குழிக்கு மாமா மூச்சிரைக்க மறுபடி வந்து நின்றார். அங்கேயும் ஆறு.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. யார் நிற்கிறாரோ அவருடைய அடியை அவருக்காக அடிக்கிறான். மாமா முன்னால் டாக்டர் அடியை அடித்தால் மாமா மனசு என்ன பாடுபடும்! வேறு ஊரில் ஒரு பையன் இப்படிச் செய்வானா? எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் வளர்ந்தவன் வேறு எப்படியும் செய்திருக்க மாட்டான்.

ஐந்து, ஆறு, ஏழு மூன்று குழிகளும் பள்ளத்துக்கு அந்தப் பக்கம். வெயில் ஏறிவிட்டது, தூரம் அதிகம், கொட்டகையில் இட்லியும் வடையும் வந்திறங்கிவிட்டன. மாமா, “சாப்ட்டுட்டு எட்டாவதுக்கு வாரேன் மாப்ள” என்று சொல்லிவிட்டுத் திரும்பினார். மற்ற இருவரும் முன்னாலேயே கொட்டகைக்குப் போயிருந்தார்கள். பள்ளத்தைத் தாண்டியது மூன்று பையன்கள், பாய், நான், அவ்வளவுதான்.

ஐந்தாவது குழி. அண்ணன் சுற்றிலும் ஒருதரம் பார்த்தான். ஸ்டிக்கைக் கீழே வைத்துவிட்டு உள்ளங்கையைப் பேண்டில் தேய்த்தான். முட்டியை மடக்கினான், முதுகைக் கூனினான். நான் மூன்று மாதமாகக் கேட்காத அந்த ‘டக்’. பந்து ஆள் உயரத்துக்குமேல் எழும்பவேயில்லை. காற்றுக்கு அடியில் புகுந்து, காய்ந்த புல்லை உரசிக்கொண்டு போய், எண்ணெய் மணலுக்குப் பத்தடி முன்னால் நின்றது. மற்ற இரண்டு பேரும் உயரமாக அடித்து வேலியிலும் பள்ளத்திலும் தேடிக்கொண்டிருந்தார்கள்.

நாலு அடி. அடுத்ததும் நாலு. ஏழாவது குழியில் மூன்றே அடி. அவன் நடக்கிற நடை தோப்பில் நடக்கிற நடையாகிவிட்டது. என்னிடம் வந்து பிளாஸ்க்கை வாங்கிக் குடித்துவிட்டு, “மூணாவது வரிசை நாலாவது மரம்” என்றான்.

பாயிடம் கார்டைக் கேட்டேன். காட்டினார். ஏழு குழிக்கு அண்ணன் முப்பத்தாறு. மற்ற இருவரும் நாற்பது, நாற்பத்தொன்று.

“அண்ணன் தேறிருவாங்களா பாய்?”

“இப்படியே போனா தேறிருவாங்க.”

எனக்கு நிலைகொள்ளவில்லை. அப்பா பார்க்க வேண்டும். ஒரே ஒரு தடவை அப்பா இதைப் பார்த்துவிட்டால்! நான் பிளாஸ்க்கைக் கீழே வைத்தேன். பாய்க்கு எப்படியோ தெரிந்துவிட்டது.

“வேணாங் கண்ணு,” என்றார் மெதுவாக. “நீ இங்கயே நில்லு. முடிஞ்சதும் சொல்லிக்கலாம்.”

இவருக்கு ஏன் இந்தப் பொறாமை என்று நினைத்தேன். பதினொரு வயதில் அவ்வளவுதான் புத்தி. பள்ளத்தில் இறங்கி ஏறி ஓடினேன். முள் குத்தியது, நிற்கவில்லை. கொட்டகைக்குப் போய்ச் சேர்ந்தபோது மூச்சு முட்டியது.

“அண்ணன் ஜெயிக்கிறாங்ப்பா! வாங்ப்பா, வந்து பாருங்க!”

அப்பா பாதி இட்லியில் இருந்தார். கையைக்கூடக் கழுவவில்லை, இலையை அப்படியே விட்டுவிட்டு எழுந்தார். அப்பா ஓடி நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். பின்னாலேயே பெரியப்பா, டாக்டர், மாமா. வழியெல்லாம், “நான் சொன்னமில்லீங்களா, முழங்கை!” “தலைங்க, தலை!” என்று பேசிக்கொண்டே வந்தார்கள்.

எட்டாவது குழியில் அண்ணன் அடிக்கத் தயாராகக் குனிந்திருந்தான். சத்தம் கேட்டு நிமிர்ந்தான். அப்பாவைப் பார்த்தான். அவன் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பிறகு அப்பாவுக்குப் பின்னால் இருந்த மூன்று பேரையும் பார்த்தான். குனியவில்லை. ஸ்டிக்கைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான்.

“எப்படி அடிக்கட்டுங்ப்பா?” என்று கேட்டான்.

அப்பாவுக்குக் கோல்ஃப் பற்றி என்ன தெரியும்! திரும்பி மற்ற மூவரையும் பார்த்தார். “பெரியவங்க சொல்ற மாதிரி அடி கண்ணு” என்றார்.

“கைய நீட்டி” என்றார் பெரியப்பா. “தலைய ஆட்டாம” என்றார் டாக்டர். “ஓங்கி!” என்றார் மாமா.

“சரிங்க.”

பாய் கார்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். அண்ணன் மூன்று பேரையும் ஒரே அடிக்குள் வைக்கப் பார்த்தான். பந்து பள்ளத்துக்குள் போனது. அங்கிருந்து எடுத்து வந்து முடிக்க ஏழு அடி. ஒன்பதாவது குழியில் முதல் வீச்சு பந்தின் மேல் படவேயில்லை. ஸ்டிக் காற்றில் ‘விஷ்’ என்று போய்த் தோளைச் சுற்றி வந்தது, பந்து வைத்த இடத்திலேயே இருந்தது. படாத அடியும் கணக்கில் ஓர் அடிதான். ஒன்பதாவதில் எட்டு.

மொத்தம் ஐம்பத்தொன்று. அண்ணன் மூன்றாவது. இரண்டாவதாக வந்த பையன், அண்ணன் கூட்டத்திலேயே நாற்பதில் இருந்தவன், ஐம்பதில் முடித்திருந்தான்.

பெங்களூர்க்காரர் அந்தக் கடைசிக் குழியைத்தான் வந்து பார்த்தார். அண்ணன் தோளில் தட்டிவிட்டுப் போனார். “பரவால்ல கண்ணு, ஒரே ஒரு அடிதானே” என்றார் அப்பா. வேனில் திரும்பி வருகிறபோது பெரியவர்கள் மூவரும் ரொம்ப மரியாதையாகத் துக்கம் விசாரித்தார்கள். கடைசியில் முழங்கை மடங்கிவிட்டது என்றார் பெரியப்பா. இல்லீங்க, தலையைத் தூக்கிவிட்டான் என்றார் டாக்டர். இன்னும் கொஞ்சம் ஓங்கியிருந்தால் காற்றை வெட்டிக்கொண்டு போயிருக்கும் என்றார் மாமா. அண்ணன் ஜன்னலோரம் உட்கார்ந்து மூவருக்கும் ‘ஆமாங்க’ சொல்லிக்கொண்டு வந்தான். நான் அவன் பக்கம் திரும்பவேயில்லை.

அவர்களில் யாரும் கெட்டவர்கள் இல்லை. அதைச் சொல்லிவிட வேண்டும். அவன் பேரில் அவ்வளவு ஆசை. டாக்டர் அவனுக்குக் கடைசிவரை கண்ணாடிக்குக் காசு வாங்கவில்லை. மூவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், அப்பாவும். அந்தக் காக்கி அட்டைப் புத்தகம், சைக்கிள் டியூப் சுற்றிய ஸ்டிக் எல்லாம் வீடு மாறும்போது எங்கே போயின என்று தெரியவில்லை. தோப்பு இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடிக் குடியிருப்பு.

அண்ணன் பட்டறைக்குப் போனான். சொன்ன வாக்குப்படி இருபது வருடம் ஸ்டிக்கைத் தொடவில்லை. பட்டறையைப் பெருந்துறையில் பெரிய தொழிற்சாலையாக்கினான். நூற்றுக்கணக்கான பேருக்குச் சோறு போடுகிறான். “நல்லவேளை, பெங்களூருக்குப் போயிருந்தா என்னத்த ஆகியிருப்பான்?” என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். இருக்கலாம். நல்லவிதமாக முடிந்ததா இல்லையா என்று எனக்கு முடிவு கட்டத் தெரியவில்லை. இப்போதும் உலைப் பக்கம் போய்விட்டு வந்தால் அவன் சரியாகச் சாப்பிட மாட்டான் என்று அண்ணி சொல்கிறாள்.

ஆனால் நான் ஓடியது எனக்குள்ளேயே கிடந்தது. யாரிடமும் சொன்னதில்லை. போன மாதம் அந்தியூருக்கு ஒரு கல்யாணத்துக்கு நானும் அண்ணனும் மட்டும் காரில் போனோம். பவானி தாண்டியதும் என்னவோ வாய் திறந்துவிட்டது.

“அன்னிக்கு நான் ஓடிப்போய் எல்லாரையும் கூட்டிட்டு வந்திருக்கக் கூடாதுங்ண்ணா. பாய் வேணாம்னு சொன்னாங்க. நான்தான் உங்களைக் கெடுத்துப்போட்டேன்.” சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. அறுபதை நெருங்குகிற கிழவிக்கு என்ன அழுகை!

அண்ணன் ரோட்டைப் பார்த்தபடியே ஓட்டினான். எந்த நாள் என்று கேட்கவில்லை.

“நீ பள்ளத்துல எறங்கும்போதே பாத்துட்டேன் அம்மணி,” என்றான். “ஒரு சத்தம் போட்டிருந்தா நின்னிருப்பே. போடலை.”

“ஏன்?”

“அப்பா ஒருக்காப் பாக்கட்டும்னு இருந்துச்சு.”

அப்பா ஓடி வந்தார், நின்றார், பார்த்தார். ஆனால் அவர் பார்த்தது பெரியப்பாவும் டாக்டரும் மாமாவும் அடித்த அடியைத்தான். அண்ணன் அடித்து அவர் பார்க்கவேயில்லை.